சாட்சி சொல்லும்போது நற்செய்தி விடுபடாமல் இருக்க

திருமங்கலம், மேலூர் பக்கம் வீட்டு ஜெபக் கூட்டம் என்றால் அக்கம்பக்கத்தாரும் வந்து உட்காருவார்கள். சாட்சி சொல்பவர், அதாவது கடவுள் தனக்குச் செய்ததை எழுந்து சொல்பவர், சுகம் கிடைத்ததையும் கடன் அடைந்ததையும் சொல்லி முடித்துவிடுவார். இயேசு ஏன் மரித்தார் என்பது வராமலே போய்விடும்.

நற்செய்தியைச் சொல்ல மூன்று நிமிடம் போதும். பைபிளில் 1 கொரிந்தியர் 15:3, 4-ஐ அடிப்படையாக வையுங்கள்: கிறிஸ்து நம் பாவங்களுக்காக மரித்தார், அடக்கம் பண்ணப்பட்டார், மூன்றாம் நாளில் உயிர்த்தெழுந்தார். பிறகு, மனந்திரும்பி அவரை நம்பச் சொல்லும் அழைப்பு. அவசரத்தில் உயிர்த்தெழுதலை விட்டால் ஒரு நல்ல மனிதரின் சோகக் கதைதான் மிஞ்சும்.

வார்த்தையில்தான் பெரும்பாலும் சறுக்குகிறது. நம்ம ஊரில் ‘பாவம்யா அவரு’ என்றால் பரிதாபம். ‘பாவம் செய்தோம்’ என்றாலோ பலருக்கு முன்வினை நினைவுக்கு வரும். ஆகவே ‘படைத்தவரை விட்டு விலகி நம் இஷ்டத்துக்கு வாழ்ந்தது’ என்று விரித்துச் சொல்லுங்கள். ‘இரட்சிப்பு’ என்று சொன்ன கையோடு ‘அந்தக் குற்றத்திலிருந்து விடுதலை’ என்று சேருங்கள். ‘கிருபை’க்கு, ‘தகுதி பார்க்காமல் காட்டும் தயவு’.

முந்தின நாள் சண்டே ஸ்கூல் பிள்ளை ஒன்றிடம் சொல்லிவிட்டு, திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். எங்கே தடுமாறுகிறதோ, அந்த இடத்தை மட்டும் இன்னும் எளிதாக்குங்கள்.