கான்ஃபரன்ஸை விட்டு விலகுவதற்கு முன்: டிவி ஒப்பந்தச் சிக்கலைப் பிரித்துப் பார்ப்பது எப்படி?

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் கான்ஃபரன்ஸை (ஒன்றோடொன்று ஆடி, டிவி உரிமையைச் சேர்ந்து விற்கும் பல்கலைக்கழகங்களின் கூட்டமைப்பை) விட்டு விலக நினைக்கும் பல்கலைக்கழகத்துக்கு முன்னால் இரண்டு பூட்டுகள் தொங்குகின்றன. ஒன்று விலகல் கட்டணம். இன்னொன்று ‘கிராண்ட் ஆஃப் ரைட்ஸ்’ எனப்படும் உரிமை ஒப்படைப்புப் பத்திரம், அதாவது ஆட்டங்களின் ஒளிபரப்பு உரிமையைக் கான்ஃபரன்ஸுக்கு எழுதிக் கொடுப்பது. செய்திகளில் இரண்டையும் கூட்டி ஒரே தொகையாகச் சொல்லிவிடுகிறார்கள். வழக்குக்குத் தயாராகிறவர் அப்படிக் கலக்கக் கூடாது.

முதலில் ஆவணங்கள்: கான்ஃபரன்ஸின் விதிமுறைகள், கிராண்ட் ஆஃப் ரைட்ஸும் அதன் திருத்தங்களும், டிவி நிறுவனத்துடனான ஒப்பந்தம். மூன்றாவதில் கையெழுத்திட்டது கான்ஃபரன்ஸ்தான் என்பதால், பல்கலைக்கழகத்தின் கையில் நகல்கூட இல்லாமல் போகலாம். ஏசிசி என்ற கான்ஃபரன்ஸ் இஎஸ்பிஎன் என்ற விளையாட்டு டிவி நிறுவனத்துடன் செய்த ஒப்பந்தத்தைப் பெற 2024-இல் ஃப்ளோரிடா மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரலே வழக்குப் போட்டார். எனவே இதற்கு மாதக்கணக்கில் அவகாசம் ஒதுக்குங்கள்.

கிராண்ட் ஆஃப் ரைட்ஸில் தேட வேண்டிய வரி, ‘உறுப்பினராக நீடித்தாலும் நீடிக்காவிட்டாலும்’ என்ற பொருளில் வருவது. ஏசிசி பல்கலைக்கழகங்கள் 2013-இல் கையெழுத்திட்டு, 2016-இல் அதை 2036 வரை நீட்டித்தன. ஒப்படைக்கப்படுவது சொந்த மைதான ஆட்டங்களின் ஒளிபரப்பு உரிமை. வெளியூர் ஆட்டம் எப்படியும் அங்கே நடத்துகிறவர்களுடையது. ஆக, புதிய கான்ஃபரன்ஸுக்கு அணி வந்து சேரும், அதன் சொந்த மைதான ஆட்டங்களை விற்கத்தான் முடியாது. கட்டணத்தைவிட இதுதான் கனமான பூட்டு.

வாதங்களும் வேறு வேறு. விலகல் கட்டணத்தை ‘இது நஷ்ட ஈடு அல்ல, தண்டனை’ என்று தாக்கலாம். 2012-இல் ஏசிசியை விட்டு விலகுவதாக அறிவித்த மேரிலாந்து பல்கலைக்கழகத்திடம் கேட்டது சுமார் 5.2 கோடி டாலர். 2014-இல் 3.14 கோடிக்குச் சமரசமானது. கிராண்ட் ஆஃப் ரைட்ஸோ சொத்தையே கைமாற்றிக் கொடுப்பது போன்றது. அங்கே தண்டனை வாதம் எளிதில் நிற்காது. வாசகத்தின் எல்லையைப் பிடிக்க வேண்டும். உறுப்பினராக இருந்த காலத்து ஆட்டங்களுக்கு மட்டுமே அது பொருந்தும் என்று ஏசிசி உறுப்பினரான கிளெம்சன் பல்கலைக்கழகம் வாதாடியது அந்த வழியில்தான்.

எந்த நீதிமன்றம் என்பதில் ஒரு நாள் தாமதமும் கணக்கில் வரும். ஏசிசியின் இன்னொரு உறுப்பினரான ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகம் ஏசிசி மீது 2023 டிசம்பர் 22-இல் தன் ஊரான லியோன் கவுன்டியில் வழக்குப் போட்டது. அதற்கு முந்தைய நாளே ஏசிசி வட கரோலினாவில் வழக்கைத் தாக்கல் செய்துவிட்டது. அரசுப் பல்கலைக்கழகத்தின் அறங்காவலர் கூட்டம் ரகசியமாக நடக்க முடியாது, எதிர்த்தரப்புக்கு அதுவே எச்சரிக்கை மணி. அரசு நிறுவனம் என்பதால் பிற மாநில வழக்கிலிருந்து விலக்கு கேட்கலாம், ஆனால் அதை மட்டும் நம்பி இறங்குவது சூதாட்டம்.

விலகல் அறிவிப்பை அவசரப்பட்டுக் கொடுக்காதீர்கள், கான்ஃபரன்ஸ் நிர்வாகத்தில் ஓட்டுரிமை பறிபோகலாம். பேக்-12 என்ற கான்ஃபரன்ஸிலிருந்து பத்துப் பல்கலைக்கழகங்கள் கிளம்பியபோது, மீதமிருந்த ஒரிகன் ஸ்டேட்டும் வாஷிங்டன் ஸ்டேட்டும் விலகுகிறவர்களுக்கு ஓட்டில்லை என்ற விதிமுறையைக் காட்டி நீதிமன்றம் போய், 2023 நவம்பரில் இடைக்காலத் தடை பெற்றன. நிர்வாகம் இருவர் கைக்குப் போனது.

கடைசியில் பெரும்பாலும் பேரம்தான். காலாவதி நெருங்க நெருங்க விலை இறங்கும். டெக்சஸ், ஓக்லஹோமா பல்கலைக்கழகங்கள் பிக்-12 என்ற கான்ஃபரன்ஸின் உரிமைக் காலம் 2025-இல் முடிவதற்கு ஓராண்டு முன்பாக வெளியேற, இருவருமாக 10 கோடி டாலருக்கு ஒப்புக்கொண்டன. ஆட்டங்களை இழக்கும் டிவி நிறுவனத்தையும் பேச்சில் உட்கார வையுங்கள், அதன் சம்மதம் இல்லாமல் கணக்கு முடியாது.

ஃப்ளோரிடா ஸ்டேட், கிளெம்சன் தொடர்பான ஏசிசி வழக்குகள் 2025 மார்ச்சில் சமரசமாயின. 2025–26-இல் வெளியேறினால் 16.5 கோடி டாலர். ஆண்டுக்கு 1.8 கோடி குறைந்து 2030–31-இல் 7.5 கோடி. பணத்தைக் கட்டினால் ஒளிபரப்பு உரிமையும் பல்கலைக்கழகத்தோடு போகும். இப்படி அட்டவணை கையில் இருந்தால், புதிய கான்ஃபரன்ஸில் ஓராண்டில் கூடுதலாகக் கிடைக்கும் பங்கு 1.8 கோடியைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். தாண்டாவிட்டால் அந்த ஆண்டு காத்திருப்பதே லாபம்.