கைக்குழந்தையோடு சென்னைக்குக் குடிபெயர்கிறீர்களா? வீட்டுக்கு முன் தெருவைப் பாருங்கள்

என் மகளுக்கு நான்கு மாதம் ஆனபோது தஞ்சாவூரிலிருந்து சென்னைக்கு வந்தோம். கணவருக்கு ராஜீவ் காந்தி சாலையில் வேலை. அலுவலகத்துக்கு அருகிலேயே விசாலமான அறைகள், லிஃப்ட், காற்றோட்டம் எல்லாம் உள்ள ஓர் அடுக்குமாடியில் வீடு பிடித்தோம். குடிபோன மூன்றாம் வாரம், இரவு எட்டரை மணிக்குக் குழந்தைக்கு உடம்பு கொதித்தது. காய்ச்சல் சொட்டு மருந்து தீர்ந்துபோயிருந்தது. மருந்துக் கடையின் விளக்கு எங்கள் பால்கனியிலிருந்தே தெரிந்தது. ஆனால் கடை ஆறுவழிச் சாலைக்கு அந்தப் பக்கம். கணவர் வெளியூரில் இருந்தார். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு சாலையோரம் வரை போனேன். வண்டிகள் விட்டபாடில்லை. திரும்பி வந்து பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். அந்தத் தம்பி வண்டியை எடுத்துக்கொண்டு, தொலைவில் இருக்கும் திருப்பம் வரை சுற்றிப் போய் வாங்கி வந்தார்.

பதினோராவது மாதம் மந்தைவெளிக்கு மாறினோம். இரண்டாம் முறை வீடு தேடியபோது செய்தவற்றை இங்கே வரிசையாக எழுதுகிறேன். முதல் தடவையே வரும் உங்களுக்கு அந்தப் பதினோரு மாதம் மிச்சமாகட்டும்.

படி 1: கால்கள் எங்கே போகும் என்று எழுதுங்கள்

தரகரிடம் பேசுவதற்கு முன் ஒரு தாளை எடுங்கள். குழந்தையின் முதல் வருடத்தில் எங்கெல்லாம் போக வேண்டியிருக்கும், எத்தனை முறை என்று எழுதுங்கள். 6, 10, 14-ஆம் வாரங்களில் தடுப்பூசி உண்டு. பிறகு ஒன்பதாம் மாதத்தில் தட்டம்மை–ரூபெல்லா ஊசி. இவற்றுக்கு நடுவே சளி, பேதி, காய்ச்சல் என்று எத்தனை முறை மருத்துவரிடம் ஓடுவோமோ, அதை யாராலும் கணக்கிட முடியாது. ஊசி போட்டுக்கொண்ட குழந்தை சிணுங்கிக்கொண்டே வரும். அன்று வீடு பக்கத்தில் இருப்பது எத்தனை ஆறுதல் என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும்.

என் தாளில் ஆறு இடங்கள் இருந்தன: குழந்தைகள் நல மருத்துவர், இரவு பத்து மணி வரை திறந்திருக்கும் மருந்துக் கடை, ஆவின் பால் பூத், காய்கறிக் கடை, ஒரு பூங்கா, ரயிலடி. ஆறாவது அம்மாவுக்காக. எழும்பூரில் இறங்கி அவர் தனியாக வந்து சேர வேண்டும். உங்கள் வீட்டில் உதவிக்கு வருகிறவர் யார், எந்த வழியில் வருவார் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.

படி 2: அரை கிலோமீட்டர் கணக்கு

தனியாக நடந்தால் பத்து நிமிடத்தில் முக்கால் கிலோமீட்டர் போய்விடலாம். இடுப்பில் குழந்தையும் தோளில் பையும் இருந்தால் அரை கிலோமீட்டர்தான். எழுதிய ஆறில் குறைந்தது நான்கு இடங்கள் அந்த அரை கிலோமீட்டருக்குள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

கைப்பேசி வரைபடத்தில் விரலை வைத்து நேர்கோட்டில் அளக்காதீர்கள். நடக்கும் வழியைக் கேட்டுப் பாருங்கள். சென்னையைப் பக்கிங்ஹாம் கால்வாயும் அடையாறும் ரயில் தண்டவாளங்களும் குறுக்கே வெட்டிக்கொண்டு போகின்றன. மேற்கு மாம்பலத்திலிருந்து தியாகராய நகர் கூப்பிடு தூரம்தான், ஆனால் நடுவில் தண்டவாளம். மாம்பலம் ரயில் நிலையத்தையும் தியாகராய நகர் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் 570 மீட்டர் ஆகாய நடைமேம்பாலம் 2023 மே மாதம் திறக்கப்பட்ட பிறகு அந்தப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு நிலைமை மாறியது. ஒரு பாலம் இருப்பதும் இல்லாததும் எத்தனை வேறுபாடு என்பதற்கு இதைச் சொல்கிறேன்.

படி 3: இரண்டு மூன்று பகுதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள்

எல்லாப் பகுதியையும் பார்த்து மாளாது. நான் நடந்து பார்த்தவற்றைச் சொல்கிறேன்.

மயிலாப்பூர்–மந்தைவெளி: கோயில், மாட வீதியில் காய்கறி, லஸ் பக்கம் நாகேஸ்வர ராவ் பூங்கா, பறக்கும் ரயில் என்று எல்லாம் நெருக்கமாக இருக்கும். ஆனால் மெட்ரோ இரண்டாம் கட்ட வேலைகள் ஆர்.கே. மட சாலையையும் லஸ் பக்கத்தையும் புரட்டிப் போட்டிருக்கின்றன. போக்குவரத்தை உள்தெருக்களில் திருப்பிவிட்டால், நேற்று வரை அமைதியாக இருந்த தெருவில் இன்று பஸ் ஓடும். எனவே, பார்க்கும் தெருவில் அப்படித் திருப்பிவிட்டிருக்கிறார்களா என்று கேளுங்கள்.

பெசன்ட் நகரில் மரங்களும் கடற்கரையும் உண்டு. வாடகை அதிகம். அண்ணா நகரில் டவர் பூங்காவும், அதன் அருகிலேயே மெட்ரோ நிலையமும் இருக்கின்றன. மேற்கு மாம்பலமும் நங்கநல்லூரும் நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும். கடைகள் காலடியில், மின்சார ரயிலும் உண்டு. எனக்கு மனத்துக்குப் பிடித்தது மேற்கு மாம்பலம். அலுவலகத் தூரத்தை நினைத்துத்தான் விட்டோம்.

படி 4: ஐந்து கிலோ அரிசியோடு நடங்கள்

இதை மட்டும் தவிர்க்க வேண்டாம். மூன்று நான்கு மாதக் குழந்தையின் எடை ஐந்து, ஆறு கிலோ இருக்கும். ஐந்து கிலோ அரிசிப் பையை இடது கையில் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு, பார்த்த வீட்டு வாசலிலிருந்து மருத்துவரின் கிளினிக் வரை நடந்து போய்த் திரும்புங்கள். காலை ஏழு மணிக்கு ஒரு முறை, மாலை ஆறு மணிக்கு ஒரு முறை, இரவு ஒன்பதுக்கு மேல் ஒரு முறை. ஒரே நாளில் செய்ய வேண்டும் என்பதில்லை.

நான் நடந்த ஒரு தெருவைச் சொல்கிறேன். முதல் இருபது அடி நல்ல நடைபாதை. பிறகு ஒரு வீட்டுக் கார் ஏறுவதற்கான சரிவு, இறங்கி ஏறினேன். அடுத்து இடுப்புயர மின்பெட்டி நடைபாதையை முழுக்க அடைத்திருந்தது, சாலையில் இறங்கினேன். மீண்டும் ஏறியபோது வடிகால் மூடி ஒன்று காலடியில் ஆடியது. அதற்குள் அரிசிப் பையைக் கை மாற்ற வேண்டியதாயிற்று. குழந்தையாக இருந்தால் மாற்றும்போது விழித்திருக்கும். அந்தத் தெருவை அன்றே பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன்.

நடைபாதையில் தடையில்லாமல் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் இருக்க வேண்டும், உயரம் 15 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது என்பது சாலைகளுக்கான அளவுகளை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பின் வழிகாட்டுதல். அளவுகோல் வேண்டாம். நீங்களும் கணவரும் பக்கத்தில் பக்கத்தில் உரசாமல் நடக்க முடிகிறதா, படி ஏறுவது போலக் காலைத் தூக்காமல் ஏற முடிகிறதா என்று பார்த்தால் போதும். உள்தெருக்கள் பலவற்றில் நடைபாதையே இருக்காது. அதற்காக ஒதுக்கிவிடாதீர்கள். வண்டிகள் மெதுவாகப் போகும், குறுக்குவழியாகப் பயன்படாத தெரு என்றால், உடைந்த நடைபாதையுள்ள பெருஞ்சாலையைவிட அதுவே நல்லது.

வெயிலையும் அப்போதே கவனியுங்கள். வடக்கு தெற்காக ஓடும் தெருவில் காலையில் கிழக்குப் பக்கமும் மாலையில் மேற்குப் பக்கமும் கட்டட நிழல் விழும். கிழக்கு மேற்கான தெருவில் மாலை வெயில் நேரே முகத்தில் அடிக்கும். அங்கே தூங்குமூஞ்சியோ புங்கையோ வரிசையாக நிற்க வேண்டும். இரவு நடையில் பார்க்க வேண்டியவை தெருவிளக்கும் நாய்களும். நாய்கள் கூட்டமாகத் துரத்தும் தெரு வேண்டாம்.

குழந்தைத் தள்ளுவண்டியை வீடு பார்ப்பதற்கு முன் வாங்கிவிடாதீர்கள். 2019-இல் திறந்த பாண்டி பஜார் நடைபாதை வளாகத்தில் அது வழுக்கிக்கொண்டு போகும். நம் தெருக்களில் பெரும்பாலும் அதைத் தூக்கிக்கொண்டுதான் நடக்க வேண்டியிருக்கும். எங்களுக்கு உடலோடு கட்டிக்கொள்ளும் துணிதான் உதவியது.

படி 5: தண்ணீரைப் பற்றிக் கேளுங்கள்

"இங்கே தண்ணீர் நிற்குமா?" என்று வீட்டுக்காரரிடம் கேட்டால் "நிற்காது" என்றுதான் பதில் வரும். தெருமுனை இஸ்திரிக்காரரிடம் போய், "2015 டிசம்பரில் எதுவரை வந்தது? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எத்தனை நாள் நின்றது?" என்று கேளுங்கள். எங்கள் தெரு இஸ்திரிக்காரர் பேசவே இல்லை; வண்டிச் சக்கரத்தின் நடு அச்சைத் தொட்டுக் காட்டினார். அதற்காக அந்தத் தெருவை நாங்கள் விடவில்லை, முதல் மாடியில் வீடு எடுத்தோம். மதில் சுவர்களில் பழைய நீர்க்கறை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

படி 6: வீட்டுக்குள்

இதில் சொல்ல அதிகமில்லை. இரண்டாம் மாடிக்கு மேல் என்றால் லிஃப்ட்டும், மின்தடையில் அதை இயக்க ஜெனரேட்டரும் வேண்டும். பிரசவம் அறுவைச் சிகிச்சையாக இருந்தால் மாடிப்படி விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். வாசலைத் திறந்ததும் வண்டிப் பாதை என்றில்லாமல், நாலு அடி திண்ணையோ முற்றமோ இருந்தால் தவழும் வயதில் நிம்மதி.

படி 7: ஒரு புதன்கிழமை காத்திருங்கள்

முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு புதன்கிழமை காலை அந்தப் பகுதியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். தமிழ்நாட்டில் புதன்தான் தடுப்பூசி நாள். இலவச ஊசிக்காகக் கைக்குழந்தைகளோடு தாய்மார்கள் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் பக்கத்தில் போய் உட்காருங்கள். வீடு பார்க்க வந்திருப்பதைச் சொல்லி, எந்தத் தெருவில் இருக்கிறார்கள், எப்படி வந்தார்கள் என்று கேளுங்கள். நான் போன அன்று மூன்று பேரிடம் கேட்டேன். இரண்டு பேர் நடந்து வந்திருந்தார்கள். அதில் ஒருவர், எந்த மருத்துவர் இரவிலும் தொலைபேசியை எடுப்பார், எந்தத் திருப்பத்தில் வண்டிகள் கண்மண் தெரியாமல் வரும், எந்தப் பால் பூத்தில் காலை ஐந்தரைக்கே பால் கிடைக்கும் என்று மடமடவென்று சொன்னார். என் தாளின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். அன்று மாலைதான் முன்பணம் கொடுத்தோம்.