குறவர் பெயரைச் சொல்லித் திட்டலாமா? மேடைப் பேச்சில் தவிர்க்க வேண்டியவை

போன மாதம் தொண்டிப் பக்கம் ஒரு பட்டிமன்றம். நான் நடுவர். எதிரணியை மட்டம் தட்ட எழுந்த கல்லூரிப் பையன், "குறவர் கூட்டம் மாதிரிக் கத்துகிறார்கள்" என்றான். கூட்டம் சிரித்தது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. இருபது வருடத்துக்கு முன் அதே வரியைச் சொன்னவன் நான்.

மைக்கை ஊதிப் பார்ப்பது, மணி அடித்த பிறகும் பேசுவது இதெல்லாம் உங்களுக்கே தெரியும். விட்டுவிடுகிறேன்.

சங்க காலத்துக் குடிதானே என்று நினைப்பது

சாயல்குடிக்குக் கிழக்கே கடலோர ஊர் ஒன்றில் முளைப்பாரித் திருவிழா. வரியைச் சொன்னேன், சிரித்தார்கள். அடுத்த வரிக்கு வாயைத் திறந்தால் சத்தமே இல்லை. மைக் செட்காரர் ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு வயரைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, நாங்க அந்த ஆளுகதான். பூட்டன் காலத்துல உப்புப் பொதி ஏத்துனவக."

அப்போதாவது மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். நானோ பாடம் எடுத்தேன். குறவர் குறிஞ்சி நிலத்தின் பழங்குடி, கபிலர் பாடியவர்கள், வள்ளியே அவர்கள் வளர்த்த பெண், இதில் இழிவு எங்கே என்று. அவர் வயரிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "வள்ளி பேரைச் சொல்லி யாரும் யாரையும் திட்டுறதில்லையே அண்ணே."

பேசிய பணம் வரவில்லை. இரண்டு வருடம் அந்தக் கடற்கரையில் யாரும் கூப்பிடவும் இல்லை.

அவர் சொன்ன உப்புப் பொதியை அப்புறம்தான் தேடிப் படித்தேன். கடற்கரை உப்பை மாட்டிலும் கழுதையிலும் ஏற்றி உள்நாட்டில் விற்றவர்கள் குறவரில் ஒரு பிரிவினர். வெள்ளைக்காரன் போட்ட உப்புச் சட்டமும் ரயிலும் அந்தத் தொழிலைத் தின்றன. பிறகு, 1871-இல் வடக்கே தொடங்கிய குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் வந்து, பிறக்கும்போதே குற்றவாளி என்று அவர்கள்மேல் முத்திரை குத்தியது. மாகாணத்தில் அது நீங்கியது 1947-இல். நாம் சிரிப்புக்காகச் சொல்லும் சொல்லில் அந்த முத்திரையின் மை இன்னும் காயவில்லை.

"ஆங்கிலத்தில் நாசம் செய்கிறவனை வாண்டல் என்று ஓர் இனத்தின் பெயரால் திட்டுகிறார்களே?" இந்தக் கேள்வியைக் கேட்டாலே எரிச்சல் வருகிறது. வாண்டல்கள் 455-இல் ரோமைக் கொள்ளையடித்த ஜெர்மானியக் குடியினர். 534-இல் அரசை இழந்து கலைந்துபோனார்கள். 1794-இல் பிரெஞ்சுப் பாதிரியார் கிரெகுவார் அவர்கள் பெயரை நாசவேலைக்கு வைத்தபோது, என் பெயர் அது என்று எழுந்து நிற்க ஆள் இல்லை. இங்கே மைக் செட்டுக்குப் பின்னால் ஆள் இருக்கிறார்.

குறவரும் நரிக்குறவரும் ஒன்று என்பது

இல்லை. மொழியே வேறு.

"தமாஷுக்குச் சொன்னேன்"

சொல்லாதீர்கள்.

சட்டத்தை மறப்பது

தமிழகப் பட்டியல் சாதிகளில் குறவன் என்ற பெயரும் உண்டு. பட்டியல் சாதியினரைப் பொதுமக்கள் முன்னால் சாதிப் பெயர் சொல்லி ஏசுவது 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். மேடையைவிடப் பொது இடம் எது?

தொண்டிப் பையன் கடைசியில் கேட்டான், "அப்போ கத்துறாங்கன்னு எப்படி சார் சொல்றது?" விடியற்கால மீன் ஏலம் மாதிரி என்று சொல்லேன் என்றேன். ஏலம் கூறுகிறவரே முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டுவார்.