காவிரிப் படுகைய ஒரே நாள்ல படிக்கிறது எப்படி

காவிரிப் படுகைன்னா இங்க ஆத்துப் படுகை இல்ல, தரை எறங்குன பள்ளத்துல கோடிக்கணக்கான வருஷமா மண்ணு அடுக்கடுக்கா படிஞ்சு பாறையான எடம். முதல்ல ஒண்ணு, மேற்குலேர்ந்து கிழக்க போங்க. மாத்திப் போனா கதைய கடைசிப் பக்கத்துலேர்ந்து படிச்ச மாதிரி ஆயிடும், ஏன்னா அடுக்குகள் எல்லாம் கிழக்க கடல பாத்து லேசா சாஞ்சு கெடக்கு, கிழக்க போகப் போக வயசு கம்மி.

பாடாலூர்ல திருச்சி-சென்னை ஹைவேய விட்டு ஊட்டத்தூர் பக்கம் திரும்புறதுக்கு முன்னாடி நீங்க பாக்குறது பழைய கெட்டிப் பாறை, அதான் படுகையோட அடித்தளம். சுமார் 13 கோடி வருஷம் முன்னாடி இந்தியாவும் அண்டார்டிகாவும் பிரிய ஆரம்பிச்சப்போ இந்தத் தளம் வடகிழக்கு தென்மேற்கா பாளம் பாளமா வெடிச்சு சிலது எறங்கிடுச்சு, சிலது மேட்டுலயே நின்னுடுச்சு.

அடுத்து காரைங்கிற ஊர். களிமண் பள்ளத்தாக்கு, உள்ள ஜிப்சம் கோடு கோடா மின்னும், பென்சில் துண்டு மாதிரி கெடக்குறது பெலம்னைட், கணவாய் சொந்தக்கார ஜீவனோட உள்கூடு. காலைல 9 மணிக்குள்ள போயிடுங்க, நெழலே கெடையாது, மழைன்னா போகவே வேணாம், செருப்புல ஒட்டுற களியே ஒரு கிலோ வரும். மண்ணத் துளி எடுத்து முன்பல்லுல வச்சு கடிச்சுப் பாருங்க, நறநறன்னா வண்டல், வழுவழுன்னா களி, களின்னா அமைதியான தண்ணில மெதுவா படிஞ்சதுன்னு அர்த்தம் (துப்பிடுங்க, முழுங்காதீங்க).

இப்போ முக்கியமான கேள்வி. படுகையோட ஆழமான பக்கத்துல படிவு 5 கிலோமீட்டருக்கு மேல இருக்கு, ஆனா அதுல நெறைய அடுக்கு ஆழமில்லாத கடல்ல படிஞ்சது, அது எப்படி? மண்ணு சேரச் சேர தரையும் எறங்கிட்டே இருந்துச்சு, அதான் விஷயம். கயித்துக் கட்டில்ல ஆள் மேல ஆள் உக்காந்தா நடுவுல தொய்யுமே, அந்த மாதிரி பாரம் ஒரு பக்கம், பிளந்தப்போ சூடான அடித்தளம் ஆறி கனமாகி எறங்குனது இன்னொரு பக்கம்.

அரியலூர் பக்கம் வந்தா சுண்ணாம்புக்கல், சிப்பி ஓடு அப்படியே தெரியும், கொஞ்சம் பொடி பண்ணி எலுமிச்சம்பழம் பிழிஞ்சா நுரைக்கும். சிமென்ட் கம்பெனிங்க இங்க குவிஞ்சதுக்கு இதான் காரணம். இன்னும் கிழக்க போனா கடலூர் மணற்கல், அதுல நெய்வேலி நிலக்கரி, அதுக்கப்புறம் டெல்டா வண்டல், அடில நரிமணம் எண்ணெய்.

திரும்பி வரப்போ சாத்தனூர்ல நிறுத்தி 18 மீட்டர் கல்மரத்த, அதாவது கல்லாவே மாறிப்போன மரத்தப் பாருங்க, ஆத்து வெள்ளம் கடலுக்கு இழுத்துட்டு வந்து சேத்துல பொதைச்ச மரம் அது. தொல்லுயிர் எச்சம் (கல்லான சிப்பி, பெலம்னைட் மாதிரி) எதையும் பையில போட்டுட்டு வராதீங்க, போட்டோ போதும்.