கால் கிலோவாக வாங்குங்கள்: சென்னைக்குக் குடிவந்தவர்களுக்குக் காய், கீரை, பழம்

யாழ்ப்பாணத்திலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ டொரண்டோவிலிருந்தோ வந்து சென்னையில் வீடு பார்த்து உட்காருகிறவர்கள், முதல் சில மாதம் சாப்பாட்டில் ஒரே தடத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். காலையில் இட்லி, மதியம் ஓட்டல் சாப்பாடு, இரவு பரோட்டா. வீட்டில் சமைத்தாலும் உருளைக்கிழங்கு, கேரட், பீன்ஸ், தக்காளி என்று போன வாரம் போனில் ஆர்டர் போட்டதையே மறுபடி போடுவது. தெருமுனையிலேயே இருபது வகைக் காய் கிடைக்கிற ஊரில் இப்படிச் சாப்பிடுவதைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை.

நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காயும் பழமும் சாப்பிட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உருளைக்கிழங்கு, மரவள்ளி போன்ற மாவுக் கிழங்குகளுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. ஓட்டல் சாம்பாரில் கிடக்கும் இரண்டு முருங்கைத் துண்டை வைத்து அந்த அளவை எட்ட முடியாது. வகை ஏன் வேண்டும் என்றால், ஒவ்வொன்றும் ஒவ்வொரு சத்தைத் தருகிறது. கீரையில் இரும்பும் ஃபோலேட் என்ற பி வைட்டமினும் உண்டு. பரங்கி, கேரட், பப்பாளியின் ஆரஞ்சு நிறத்திலிருந்து உடம்பு வைட்டமின் ஏ தயாரித்துக்கொள்கிறது. நெல்லியிலும் கொய்யாவிலும் வைட்டமின் சி நிறைய.

இதற்குச் சென்னையில் சுலபமான வழி, கால் கிலோவாக வாங்குவது. எந்தக் காய்கறிக் கடையிலும் அப்படிக் கேட்கலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். ஒரு கிலோ பீன்ஸ் வாங்குவதற்குப் பதில் கால் கிலோ அவரை, கால் கிலோ கொத்தவரை, கால் கிலோ பீர்க்கங்காய், ஒரு சின்னப் புடலங்காய் என்று வாங்குங்கள். கடையில் கேரட், பீட்ரூட், கோஸ் எல்லாம் ‘இங்கிலீஷ் காய்’. கத்திரி, வெண்டை, பாகல், சுரை எல்லாம் ‘நாட்டுக்காய்’. ஒவ்வொரு முறையும் பையில் பாதிக்கு மேல் நாட்டுக்காயாக இருக்கட்டும். 1996-இல் பழைய கொத்தவால் சாவடிச் சந்தையிலிருந்து மாறிய கோயம்பேடு மொத்த விற்பனை மார்க்கெட்டை ஒருமுறை போய்ப் பாருங்கள், பிரமிப்பாக இருக்கும். ஆனால் ஒரு சிறு குடும்பத்துக்கு வாராவாரம் அங்கே போக அவசியமில்லை. மயிலாப்பூர் மாட வீதிக் கடைகளோ உங்கள் தெருவுக்கு வரும் தள்ளுவண்டியோ போதும்.

கீரைக்கு மட்டும் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள். காலையில் வரும் கீரைக்கார அம்மாவிடம் அரைக்கீரை, சிறுகீரை, முளைக்கீரை, மணத்தக்காளி, பொன்னாங்கண்ணி, முருங்கைக்கீரை என்று நாளுக்கு ஒன்றாக மாற்றி வாங்கலாம். கட்டின் வெளிப்பக்கம் பச்சையாகத்தான் தெரியும். கட்டைக் கொஞ்சம் விலக்கி நடுவில் பாருங்கள். அங்கே இலை மஞ்சளாகவோ கொழகொழவென்றோ இருந்தால் அது நேற்றைய கட்டு. வீட்டுக்கு வந்ததும் வேரை நறுக்கிவிட்டு, பெரிய பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பிக் கீரையை அமுக்கி அலசுங்கள். மண் அடியில் தங்கும்படி கீரையை மேலாக அள்ளி எடுக்க வேண்டும். தண்ணீரைச் சாய்த்தால் மண் திரும்பக் கீரையிலேயே ஒட்டும். தண்ணீர் தெளியும்வரை இப்படிச் செய்துவிட்டு, அப்புறம் நறுக்குங்கள். நறுக்கிவிட்டு அலசினால் சத்து தண்ணீரோடு போய்விடும். பருப்பு சேர்த்துக் கடைந்து, இறக்கியபின் எலுமிச்சை பிழிந்தால் கீரையிலுள்ள இரும்பை உடம்பு நன்றாக எடுத்துக்கொள்ளும்.

பழத்தைப் பருவத்தின் போக்கில் விட்டுவிடுங்கள். கோடையில் தர்பூசணி, நுங்கு, பண்ருட்டிப் பலா, மாம்பழம். அது ஓயும்போது நாவல், அதற்குப் பின் சீதாப்பழம். வாழையும் கொய்யாவும் பப்பாளியும் வருஷம் முழுக்க உண்டு. வாழையில் பூவன், ரஸ்தாளி, கற்பூரவல்லி, செவ்வாழை என்று மாற்றிக்கொண்டே இருக்கலாம். மாம்பழத்தில் மட்டும் எச்சரிக்கை: ‘கல்’ வைத்துப் பழுக்கவைப்பது, அதாவது கால்சியம் கார்பைடு போடுவது, இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. ஆனாலும் நடக்கிறது. தோல் முழுக்க ஒரே சீராக மஞ்சளாக இருந்து, காம்புப் பக்கம் வாசனையே வராத பழத்தைத் தவிர்த்துவிடுங்கள். ஜூஸ் கடைகள் நிறைய உண்டு. அங்கே சர்க்கரை சேர்ப்பதோடு நாரையும் வடிகட்டிவிடுவார்கள். பழத்தை நறுக்கிக் கடித்துத் தின்பதே நல்லது, குழந்தைகளுக்கும்தான்.

ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் திடீரென்று கீரையைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. கீரையிலுள்ள வைட்டமின் கே அந்த மருந்தோடு மோதும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு வாழைப்பழம், இளநீர் போன்றவற்றில் இருக்கும் பொட்டாசியம் ஆகாமல் போகலாம். இரு தரப்பினரும் டாக்டரிடம் கேட்டுவிட்டு ஆரம்பிப்பதுதான் சரி.

ஐப்பசி, கார்த்திகை மழையில் கீரை வரத்து குறையும், தக்காளி விலை ஏறும், கட்டெல்லாம் சேறாக வரும். அந்த நாட்களில் பரங்கி, பூசணி, வாழைக்காய், வாழைத்தண்டு பக்கம் போங்கள். பரங்கியையும் பூசணியையும் கீற்றாக நறுக்கித் தருவார்கள், தேவையான அளவு மட்டும் வாங்கிக்கொள்ளலாம். கறிவேப்பிலையைக் கொசுறாகக் கேளுங்கள், பெரும்பாலும் கொடுப்பார்கள்.