கிரில் அடுப்புக்கு நல்ல மரக்கரி வாங்குவது எப்படி? வேலூர்ப் பக்கத்து வாசகர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

மொட்டை மாடியில் கோழி சுட நினைப்பவர்கள் மசாலாவைப் பற்றித்தான் முதலில் விசாரிக்கிறார்கள். கரியைப் பற்றிக் கேட்பவர்கள் மிகக் குறைவு. அரைகுறையாகக் கரிந்த கட்டைகள் அடுப்புக்குள் போய்விட்டால், அந்தப் புகையின் கசப்பை எந்த மசாலாவாலும் மறைக்க முடியாது. ஆகவே கரியில் தொடங்குவோம்.

முதல் படி: சுடுவதா, புகையூட்டுவதா?

வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கம் கம்பியில் கோத்துச் சுடும் சீக் கபாப் சில நிமிட வேலை. அதற்குப் பலமான சூடு உடனே வேண்டும். எலுமிச்சை அளவுத் துண்டுகள் போதும். சிறிய துண்டுகளில் காற்றுப் படும் பரப்பு அதிகம் என்பதால் வேகமாக எரிந்து, வேகமாக அடங்கும். முழுக்கோழியையோ ஆட்டுத் தொடையையோ மூடி போட்டு, 110 முதல் 120 டிகிரி செல்சியஸில் மணிக்கணக்கில் புகையூட்டுவது வேறு வேலை. அதற்குக் கைமுட்டி அளவுக் கட்டிகள் வேண்டும். இதை முடிவு செய்யாமல் கடைக்குப் போகாதீர்கள்.

இரண்டாம் படி: யாரிடம் கேட்பது?

உங்கள் தெருவில் கரிப்பெட்டி வைத்து இஸ்திரி போடுபவர் இருந்தால் அவரிடம் கேளுங்கள். பொறி பறந்தால் வாடிக்கையாளரின் சட்டையில் ஓட்டை விழும் என்பதால், எந்தக் கரி வெடிக்கும், எது அமைதியாகக் கனலும் என்பது அவருக்குக் கைப்பழக்கம். "அண்ணா, நீங்கள் கரி எங்கே எடுக்கிறீர்கள்?" என்று கேட்டால் நல்ல விறகுக் கடைக்கு வழி சொல்வார்.

தமிழ்நாட்டில் விற்கும் மரக்கரியில் பெரும்பங்கு சீமைக் கருவேலம். இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் மூட்டம் போட்டு, அதாவது விறகை அடுக்கி மண்ணால் மூடிக் கரியாக்கி, எடுப்பது அதிகம். நம் ஏரிகளிலும் பாலாற்றுப் படுகையிலும் மண்டிக் கிடப்பதும் இதே மரம்தான். கெட்டியான மரம் என்பதால் இதன் கரி நின்று எரியும். புளி, சவுக்குக் கரி கிடைத்தாலும் தாராளமாக வாங்கலாம். கொட்டாங்குச்சிக் கரி மெல்லியது. சட்டென்று பற்றி நல்ல சூடு தரும். கபாபுக்கு அருமை, நீண்ட நேரப் புகையூட்டலுக்கு அது மட்டும் போதாது. கரித்தூளை மாவுப்பசை சேர்த்து அழுத்திய கட்டிகள் சீராக எரியும், ஆனால் சாம்பல் அதிகம்.

மரத்தின் பெயரைச் சொல்லிக் கூடுதல் விலை கேட்டால் கொடுக்காதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. முழுதாகக் கரிந்துவிட்ட மரத்தில் வாசனைக்கான பொருள்கள் பெரும்பாலும் மூட்டத்திலேயே வெளியேறிவிடுகின்றன. சுட்ட கறியின் மணம், கங்கில் சொட்டும் கொழுப்பிலிருந்தும் நாம் தனியாகப் போடும் மரத்துண்டிலிருந்தும் வருகிறது. மரம் எதுவென்பதைவிட, அது எவ்வளவு கரிந்திருக்கிறது என்பதே முக்கியம்.

மூன்றாம் படி: கையில் எடுத்துப் பாருங்கள்

இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். இரண்டு கட்டிகளை ஒன்றோடொன்று தட்டுங்கள். நன்றாகக் கரிந்திருந்தால் 'ணங்' என்று கண்ணாடிபோல் ஒலிக்கும். 'தொப்' என்ற மந்தமான ஓசை வந்தால், உள்ளே கரியாத மரமோ ஈரமோ இருக்கிறது. ஒன்றை உடைத்துப் பாருங்கள். முறிந்த இடம் கறுத்துப் பளபளப்பாக, மரத்தின் வளையங்கள் தெரியும்படி இருக்க வேண்டும். பழுப்பு நிறம் தெரிந்தால் ஒதுக்கிவிடுங்கள். மூட்டத்தை முன்கூட்டியே பிரித்துவிட்டார்கள் என்று அர்த்தம். முதலில் வெள்ளையாக வரும் புகை, மெலிந்து நீலமாக மாறிய பிறகுதான் மூட்டத்தின் காற்றுத் துளைகளை அடைக்க வேண்டும்.

அளவுக்கு மீறிக் கனத்தால் தண்ணீர் குடித்த கரி. மழைக்காலத்தில் கரி தானாகவே ஈரம் இழுக்கும். எடைக்காகத் தண்ணீர் தெளிப்பவர்களும் உண்டு. வேறு வழியில்லை என்றால் வாங்கி வந்து, வேலூர் வெயிலில் மாடியில் பரப்பிக் காய வையுங்கள்.

மூட்டையின் மேல்பகுதியை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள், அடியில் கைவிட்டுப் பாருங்கள். தூளும் பொடியும் நிறைந்திருந்தால் அடுப்பில் காற்றோட்டத்தை அடைத்துவிடும். மண் மூடிய மூட்டத்தில் எடுத்த கரி என்பதால் சிறு கற்களும் கலந்திருக்கும்; சூட்டில் வெடித்துத் தெறிக்கலாம், பொறுக்கி எறியுங்கள். புதிய கடையென்றால் முதலில் ஒரு கிலோ மட்டும் வாங்கி எரித்துப் பாருங்கள்.

நான்காம் படி: பற்ற வைத்தல்

மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம். அதன் நாற்றம் கறியில் ஏறும். இருபுறமும் வெட்டித் திறந்த, பெயின்டும் துத்தநாகப் பூச்சும் இல்லாத தகர டின்னின் பக்கச் சுவரில், அடியோரமாக ஆணியால் துளைகள் போடுங்கள். அதை அடுப்பின் கம்பித் தட்டில் நிறுத்தி, அடியில் காய்ந்த பன்னாடையோ தென்னை நாரோ வைத்து, மேலே கரியை நிரப்பிக் கொளுத்துங்கள். சுமார் 20 நிமிடத்தில் மேல்கட்டிகளிலும் சாம்பல் பூக்கும். இடுக்கியும் தடித்த கையுறையும் கொண்டு டின்னைத் தூக்கிக் கங்கைப் பரப்புங்கள். சாம்பல் பூக்கும் முன் கறியை வைக்கக் கூடாது.

கம்பி வலைக்கு நான்கு விரற்கடை மேலே உள்ளங்கையை நீட்டுங்கள். இரண்டு, மூன்று விநாடிக்கு மேல் தாங்கவில்லை என்றால் கபாபுக்குச் சரியான சூடு.

ஐந்தாம் படி: புகையூட்டுவதானால்

கங்கை ஒரு பக்கம் ஒதுக்கி, கறியை மறுபக்கம் வையுங்கள். நன்கு காய்ந்த கொய்யா, மா அல்லது புளியங்கட்டைத் துண்டு இரண்டு, மூன்றைக் கங்கின் மேல் போட்டு மூடுங்கள். பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட் ஆகியவற்றைத் தொடாதீர்கள். அரளியும் எருக்கும் நச்சுச் செடிகள். அவற்றின் குச்சிகூட உள்ளே போகக் கூடாது. மெல்லிய நீலப்புகை நல்லது. அடர்ந்த வெண்புகை வந்தால் காற்றுத் துளையைக் கொஞ்சம் திறங்கள். கோழியின் தடித்த பகுதியில் உட்புறச் சூடு 74 டிகிரியைத் தொட வேண்டும்.

கனலும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய அறையில் உயிரைப் பறிக்கும். மழை வந்துவிட்டதே என்று அடுப்பை வீட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள்.

சமையல் முடிந்ததும் எல்லாக் காற்றுத் துளைகளையும் மூடுங்கள். எரியாத கரி தானாக அணைந்து மிஞ்சும். மறுநாள் முற்றிலும் குளிர்ந்ததைத் தொட்டு உறுதி செய்துகொண்டு, தூளைச் சலித்துவிட்டு, மூடியுள்ள டின்னில் போட்டு வையுங்கள். அடுத்த முறை புதுக் கரியோடு கலந்து எரிக்கலாம்.