பிணக்கில் இருக்கும் உறவினரின் பிள்ளைகளை வளர்ப்பதா? 'சரி' சொல்லும் முன் பார்க்க வேண்டியவை

பேச்சுவார்த்தை நின்று வருடக்கணக்கான தம்பி குடித்துக் கிடக்கிறான், அவன் பெண்டாட்டி போய்விட்டாள், இரண்டு பிள்ளைகளும் பாட்டி வீட்டில் நிற்கிறார்கள் என்று ஒரு போன் வருகிறது. சொத்துத் தகராறோ, மாற்றுமதக் கல்யாணமோ, சீட்டுக் கடனோ, பிணக்குக்குக் காரணம் எதுவாகவும் இருக்கலாம். அந்தப் போனுக்கும் உங்கள் பதிலுக்கும் இடைப்பட்ட நாட்களில் என்னென்ன செய்வது என்பதுதான் இங்கே. பாசம், கடமை பற்றி ஒன்றும் எழுதவில்லை. அதைச் சொல்ல ஊரில் ஆள் நிறைய உண்டு.

1. முதல் ராத்திரியையும் வளர்ப்பதையும் பிரியுங்கள்

போனில் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "இன்னைக்குப் பிள்ளைகளைக் கொண்டு விடுங்க. வளர்க்கது பத்தி ரெண்டு வாரம் கழிச்சுப் பேசுவோம்." அழுகையும் கூச்சலுமாக இருக்கும்போது 'நான் பார்த்துக்கிடுதேன்' என்ற வார்த்தை வாயில் வந்துவிட்டால் பிறகு திரும்ப எடுக்க முடியாது.

பிள்ளையின் உடம்பில் அடிபட்ட தடம் இருந்தாலோ, வீட்டில் பெரியவர் யாருமே இல்லாமல் இருந்தாலோ உடனே குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிடுங்கள். ஆதரவில்லாமல் தனியாக நிற்கும் பிள்ளையைப் பற்றி 24 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும் என்று 2015-ம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டமே சொல்கிறது. 1098-ஐக் கூப்பிட்டால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயத்தில் பலர் ஒளிக்கிறார்கள். ஆனால் பின்னால் உங்கள் பக்கம் நிற்கப்போகும் முதல் பதிவு அந்த அழைப்புதான்.

2. காரணத்தையும் தேதியையும் எழுதுங்கள்

பெற்றோர் இறந்துவிட்டார்களா, எங்கே என்றே தெரியவில்லையா, இருந்தும் வளர்க்க முடியாத நிலையா (குடி, நோய், சிறை), இல்லை வளைகுடாவுக்குப் போய்ப் பணம் அனுப்புகிறேன் என்கிறார்களா? ஒவ்வொன்றுக்கும் பேப்பர் வேறு, உதவித்தொகை வேறு. எல்லாரும் சொல்லும் 'கொஞ்ச நாளைக்கு' என்பதை மட்டும் ஏற்காதீர்கள். 'மார்ச் பரீட்சை முடியும் வரை' என்பது தேதி. 'அவன் திருந்தும் வரை' என்பது தேதி இல்லை.

3. காலை நாலு மணி முதல் ராத்திரி ஒன்பது வரை

'நம்மால் முடியுமா' என்று யோசித்தால் மனசு முடியும் என்றுதான் சொல்லும். ஒரு நீள நோட்டில் மணிவாரியாகக் கோடு போட்டு, ஒவ்வொரு மணிக்கும் எதிரே பொறுப்பாளி பெயரை எழுதுங்கள். மொபைல் செயலி வேண்டாம், நோட்டுதான் நல்லது. வீட்டில் எல்லோர் கண்ணிலும் படும், அவரவர் கைப்பட எழுதவும் வைக்கலாம்.

கட்டங்கள் எங்கே காலியாகின்றன என்று பாருங்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில், குலசேகரம் பக்கம் பால்வெட்டுக்குப் போகும் வீட்டில் விடியுமுன்னே பெரியவர்கள் ரப்பர் தோட்டத்தில் இருப்பார்கள். பிள்ளை எழும்பும்போது அடுக்களையில் யாரும் இல்லை. தூத்தூர், சின்னத்துறை பக்கம் ஆழ்கடலுக்குப் போகிறவர் வாரக்கணக்கில் கரையில் இருக்க மாட்டார், அவர் பெயரை எந்தக் கட்டத்திலும் எழுதக் கூடாது. எல்லாக் கட்டத்திலும் ஒரே பெண்ணின் பெயர் வந்தால் முடிவெடுக்க வேண்டியவர் அவர்தான். தம்பி பிள்ளை என்றாலும் மைனிதான் (அண்ணன் மனைவி) சரி சொல்ல வேண்டும், அண்ணன் அல்ல.

அற்பமாகத் தெரியும் கணக்கு ஒன்று: சீருடை. நம் மாவட்டத்தில் பள்ளி திறக்கும் ஜூனில் தென்மேற்கு மழை, அது ஓய்ந்தால் வடகிழக்கு மழை. இரண்டு செட் வைத்தால் ஒன்று எப்போதும் ஈரமாகவே கிடக்கும். தலைக்கு மூன்று செட் வாங்குங்கள்.

உங்கள் பிள்ளைகளிடம் 'சம்மதமா' என்று கேட்காதீர்கள். யார் எங்கே படுப்பது, படிக்கிற மேசை யாருக்கு என்று கேளுங்கள். வரும் பிள்ளையிடமும் தனியாக, "பள்ளிக்கூடம் மாறினா எது கஷ்டம்?" என்று கேட்டால் உண்மை வரும்.

4. பேப்பர்: பெரும்பாலோர் இடறும் இடம்

வழக்கமாக நடப்பது இது. முத்திரைத்தாளில் 'எங்கள் பிள்ளைகளை இன்னாரிடம் வளர்க்க ஒப்படைக்கிறோம்' என்று டைப் அடித்து, நோட்டரி முத்திரை வாங்கி, ஊர்ப் பெரியவரோ பங்குத்தந்தையோ சாட்சிக் கையெழுத்துப் போடுவார்கள். அதைப் பத்திரமாகப் பீரோவில் வைத்தாயிற்று, எல்லாம் முடிந்தது என்று நினைப்பு. அந்தத் தாளால் நீங்கள் காப்பாளர் ஆவதில்லை. பெற்றவர் நாளைக்கே வந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனால் தடுக்க முடியாது. ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஆபரேஷன் சம்மதக் கையெழுத்து என்று வந்தால் 'நீங்கள் யார்' என்ற கேள்வி எழும். அந்தத் தாளில் பணம் கைமாறியதாக ஒரு வரி இருந்துவிட்டால் பிள்ளையை விலைக்கு வாங்கியதாகவே குற்றச்சாட்டு வரலாம். 'செலவுக்கு இவ்வளவு கொடுத்தேன்' என்று நல்லெண்ணத்தில்கூட எழுதாதீர்கள்.

முதலில் போக வேண்டிய இடம் நாகர்கோவிலில் உள்ள மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. அவர்கள் வழியாகக் குழந்தைகள் நலக் குழுவின் முன் போகலாம். விசாரித்து, வீடு வந்து பார்த்து, சமூக விசாரணை அறிக்கை வாங்கி, 'தகுதியுள்ள நபர்' என்று உங்களிடம் பிள்ளையை ஒப்படைத்து உத்தரவு போட அந்தக் குழுவுக்கு அதிகாரம் உண்டு. வக்கீல் வேண்டாம், கட்டணம் இல்லை. தற்காலிகமாகவும் போடலாம், நீண்ட காலத்துக்கும் போடலாம். எங்கள் யோசனை: நீங்கள் இன்னும் முடிவெடுக்காவிட்டாலும் தற்காலிக உத்தரவு கேளுங்கள். அது உங்களைக் கட்டிப்போடாது, பிள்ளையை மட்டும் காக்கும்.

பாஸ்போர்ட், பிள்ளையின் பெயரில் உள்ள நிலம், இன்சூரன்ஸ் பணம் என்று வந்தால் அடுத்த படி நீதிமன்றம். 1890-ம் ஆண்டின் காப்பாளர் சட்டப்படி மனு போட வேண்டும்; வக்கீல்கள் ஜி.டபிள்யூ.ஓ.பி. என்பார்கள். பிள்ளையை வளர்க்கும் பொறுப்புக்கு, பிள்ளை வழக்கமாக வசிக்கும் இடத்து நீதிமன்றத்தில்தான் போட முடியும்; சொத்துக்கு மட்டும் என்றால் சொத்து உள்ள இடத்திலும் போடலாம். பிணக்கில் இருக்கும் தகப்பனுக்கும் தாய்க்கும் நோட்டீஸ் போகும், சண்டை அப்போது புதிதாகக் கிளம்பும் என்பதை எதிர்பார்த்தே போடுங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவச வக்கீல் உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், தொலைபேசி 15100.

தத்தெடுப்பு இதெல்லாவற்றையும் விடப் பெரிய முடிவு. பிள்ளைக்குப் பெற்றவரோடு உள்ள சட்ட உறவையே அது அறுக்கும். சிறார் நீதிச் சட்டத்தின்படி பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா, சித்தி, பெரியம்மை, இருபக்கத் தாத்தா பாட்டி ஆகியோர் எந்த மதமானாலும் உறவினர் தத்தெடுப்புக்கு மனு போடலாம். இந்து, கிறிஸ்தவர், முஸ்லிம் கலந்து வாழும் நம் மாவட்டத்துக்கு இது முக்கியம். 2022 செப்டம்பர் முதல் உத்தரவு போடுவது மாவட்ட ஆட்சியர். ஆனால் முதல் வருடத்திலேயே இதில் இறங்க வேண்டாம்.

5. பள்ளிக்கூடமும் எமிஸ் எண்ணும்

புதுப் பள்ளியில் சேர்க்கப் போனால் டிசி (மாற்றுச் சான்றிதழ்) கேட்பார்கள். பழைய பள்ளி டிசி கொடுப்பதோடு, எமிஸ் என்ற பள்ளிக்கல்வித் துறையின் மாணவர் விவரத் தளத்தில் பிள்ளையைப் பொதுத் தொகுப்புக்கு விடுவிக்கவும் வேண்டும். பலருக்கு இந்த இரண்டாவது வேலை தெரியாது. டிசி கையில் இருக்கும், ஆனால் புதுப் பள்ளியின் பட்டியலில் பெயர் ஏறாது. டிசி வாங்கும் அன்றே தலைமையாசிரியர் அறையில் நின்று, "காமன் பூலுக்கு விட்டாச்சா சார்?" என்று கேட்டு, எமிஸ் எண்ணைத் தாளில் எழுதி வாங்குங்கள்.

பழைய பள்ளி தனியாருடையது, கட்டண பாக்கி இருக்கிறது, அதனால் டிசி தர மாட்டோம் என்றால் சோர்ந்து திரும்ப வேண்டாம். டிசி என்பது பாக்கி வசூலிக்கும் கருவி இல்லை என்று 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 6 முதல் 14 வயதுப் பிள்ளையை டிசி தாமதத்தைக் காட்டி அரசுப் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ திருப்பி அனுப்பக் கூடாது. முதலில் சேருங்கள், விடுவிப்புக்கு வட்டாரக் கல்வி அலுவலரிடம் மனு கொடுங்கள்.

அதோடு பெற்றவர் இருவரின் சாதிச் சான்று நகலையும் எப்படியாவது வாங்கிவிடுங்கள். பிள்ளையின் சாதிச் சான்றுக்கு அதைத்தான் கேட்பார்கள், உங்களுடையதை அல்ல. பிணக்கு முற்றிய பிறகு அந்த ஒரு நகலுக்காக நடையாய் நடக்க வேண்டிவரும்.

6. பணம்

மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் நிதி ஆதரவு ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய். குடும்ப ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, நகரத்தில் 96,000 ரூபாய்க்கு மிகக் கூடாது. தாயும் தகப்பனும் இறந்திருந்தாலோ, ஒருவர் இறந்து மற்றவரால் வளர்க்க முடியாவிட்டாலோ, 2025 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய அன்புக்கரங்கள் திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய். இரண்டுக்கும் பாதுகாப்பு அலகிலேயே விசாரிக்கலாம். இவை கிடைத்தால் கிடைக்கட்டும். கிடைக்காது என்று வைத்தே வீட்டுக் கணக்கைப் போடுங்கள்.

ரேஷன் அட்டையில் ஒரு முடிச்சு உண்டு. பழைய அட்டையில் பெயர் நீங்கினால்தான் உங்கள் அட்டையில் ஏறும். ஆன்லைனில் நீக்கப் பார்த்தால் பழைய அட்டையில் பதிந்த மொபைலுக்கு, அதாவது உங்களோடு பேசாத ஆளின் மொபைலுக்கு, ஓடிபி போகும். குழுவின் உத்தரவு நகலோடு வட்ட வழங்கல் அலுவலகத்தில் நேரில் மனு கொடுப்பதே வழி. முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டுக்கும் இந்த அட்டைதான் அடிப்படை என்பதால் தள்ளிப்போடாதீர்கள்.

7. பெற்றவர்

போனுக்கு வாரத்தில் ஒரு நாள், ஒரு நேரம் என்று வையுங்கள். ஞாயிறு காலை நல்லது, குடிக்கிறவரும் அப்போது தெளிந்திருப்பார். ராத்திரி வரும் போனைப் பிள்ளையிடம் கொடுக்க வேண்டாம். பிள்ளை காதுபட அவரைக் குறை சொல்லாதீர்கள், 'பாவம், அம்மை இல்லாத பிள்ளை' என்று வந்தவர்களிடம் அறிமுகப்படுத்தவும் வேண்டாம். உங்களை 'அம்மா' என்று கூப்பிடச் சொல்லிப் பழக்காதீர்கள். பெரியம்மை பெரியம்மையாகவே இருக்கலாம்.

8. 'முடியாது' என்பதும் பதில்தான்

நோட்டில் கட்டங்கள் காலியாகவே இருந்தால் முடியாது என்று சொல்லுங்கள். ஆனால் அதோடு, முடிந்த ஒன்றைச் சொல்லுங்கள்: பள்ளி விடுமுறைக்கு இங்கே, மாதம் இவ்வளவு அரிசி, டியூஷன் கட்டணம். அண்ணனையும் தங்கச்சியையும் இரண்டு வீட்டுக்குப் பிரிப்பதைவிட, பாட்டி வீட்டில் சேர்த்து வைத்துச் செலவை நீங்கள் ஏற்பது மேல் என்பது எங்கள் கருத்து.

பிற்சேர்க்கை

இதைப் படித்த சிலர் கேட்டது வங்கிக் கணக்கு பற்றி. 10 வயது நிறைந்த பிள்ளை தன் பெயரில் கணக்குத் தொடங்கித் தானே இயக்கலாம். அதற்குக் கீழே என்றால் பெற்றவரோ சட்டப்படியான காப்பாளரோதான் இயக்க முடியும். உதவித்தொகைக்காக அவசரப்பட்டுத் தகப்பன் பெயர் சேர்ந்த பழைய கணக்கு எண்ணைக் கொடுத்துவிட்டால் பணம் அவர் கைக்குப் போகும். மனு எழுதும்போதே எந்தக் கணக்கு என்று பாதுகாப்பு அலகில் கேட்டுவிட்டு எண்ணை நிரப்புங்கள்.